குறைந்துகொண்டே வந்த துண்டுகள்

அந்த ஆட்டைப் பார்த்தால் யாரும் ஆடு என்று சொல்லமாட்டார்கள். காது நாய்க்கு நிற்பதுபோல் விறைத்து நின்றது. முகம் கொஞ்சம் மனித முகம். பாடநூல் அளவுள்ள ஒரு பலகையில் பென்சிலால் வரைந்து, பழுப்புப் பெயிண்ட் அடித்து, நான்கு துண்டுகளாக அறுத்து, பிள்ளைகள் கையில் சிலாம்பு ஏறிவிடக் கூடாது என்று ஓரங்களையெல்லாம் உப்புத்தாளால் தேய்த்து, துணிப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தார் பாப்பாவின் அத்தா. அவர்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். "மிச்சப் பலகை டீச்சர், சும்மா கெடந்துச்சு. பிள்ளைகளுக்கு ஆகுமான்னு பாருங்க" என்று மேசையில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு சன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்த பாப்பா பலகையை உற்றுப் பார்த்துவிட்டு, "நாய்க்கு எதுக்கு அத்தா கொம்பு வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அவர் சிரித்த சிரிப்பில் வகுப்பே திரும்பிப் பார்த்தது.

அப்போது நான் மதுரை சிம்மக்கல்லில் ஒரு சின்ன நர்சரிப் பள்ளியில் வேலை பார்த்தேன். கீழே கயிறும் தார்ப்பாயும் மொத்தமாக விற்கும் கடை. மாடியில் எங்கள் வகுப்பு. பகல் முழுக்கக் கீழே லோடு இறக்கும் சத்தமும் ஆட்டோ ஹாரனும் கேட்டுக்கொண்டே இருக்கும். கடைக்காரர்கள், தையல்காரர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் என்று பலதரப்பட்டவர்களின் பிள்ளைகள் படித்தார்கள். எல்லாப் பெற்றோருக்கும் ஒரே கவலைதான்: பிள்ளை எப்போது எழுதும்? "டீச்சர், பக்கத்து ஸ்கூல்ல ஏ பி சி டி முழுசா எழுதுதாம். நம்ம பிள்ளைக பலகைய வச்சு வெளாண்டுக்கிட்டுதான இருக்கு" என்று மாலை நேரத்தில் யாராவது ஒருவர் குறைப்பட்டுக்கொள்ளாத நாளே கிடையாது. நானும் சலிக்காமல் பதில் சொல்வேன். மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணிப்பதற்கு முன்னால் அந்த விரல்களுக்கு வேறு வேலை இருக்கிறது. ஒரு துண்டைக் கிள்ளி எடுக்க வேண்டும், திருப்ப வேண்டும், பொருந்தவில்லை என்றால் இன்னொரு பக்கம் திருப்ப வேண்டும். இல்லாத இடத்தின் வடிவத்தைக் கண்ணில் வைத்துக்கொண்டு இருக்கிற துண்டுகளில் அதைத் தேட வேண்டும். தப்பாக வைத்ததற்காக யாரும் அடிக்கவும் இல்லை, சிரிக்கவும் இல்லை என்பதை அந்த வயதிலேயே ஒரு பிள்ளை தெரிந்துகொள்வது எத்தனை பெரிய விஷயம்! அழுகிற பிள்ளை அழுகையை நிறுத்துவதையும், அடுத்த பிள்ளையைத் தள்ளிவிடுகிற பிள்ளை "இத நீ வையி" என்று துண்டை நீட்டுவதையும் அந்தப் பலகைகளின் முன்னால் நான் தினமும் பார்த்திருக்கிறேன்.

பாப்பாவுக்கு மூன்றரை வயது. வாய் ஓயாது. பசில் பலகையைத் தரையில் கொட்டியதும் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு துண்டோடும் பேசத் தொடங்கிவிடுவாள். "நீ இங்கிட்டு வா. உனக்கு இங்கன எடமில்ல, அங்கிட்டுப் போய் நில்லு. ஏய், தள்ளாத." பேருந்து நடத்துனர் பயணிகளை அடுக்குவதுபோல் இருக்கும். ஒரு துண்டு சரியாக விழுந்து 'டக்' என்று உட்கார்ந்துவிட்டால், நிமிர்ந்து யாரையும் பார்க்கமாட்டாள், அடுத்ததை எடுப்பாள். மற்றப் பிள்ளைகள் என் முகத்தைப் பார்ப்பார்கள், பாராட்டை எதிர்பார்ப்பார்கள். இவளுக்கு அந்தச் சத்தமே போதும்.

அவளுடைய அத்தாவுக்குக் கப்பலூர் தொழிற்பேட்டையில் வேலை. இயந்திரங்களை வெளியூருக்கு அனுப்புவதற்கான மரப்பெட்டிகள் செய்கிற பட்டறை அது. ஆட்டுப் பலகைக்குப் பிறகு அவருக்கு இது ஒரு பித்தாகவே ஆகிவிட்டது. முதலாளியிடம் கேட்டு வெட்டி மிஞ்சிய பலகைகளை வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலில் உட்கார்ந்து அறுப்பார். மீன், குடை, பப்பாளிப் பழம் என்று புதிது புதிதாக வரும். படம் எப்போதும் கோணலாகத்தான் இருக்கும், அறுப்பு மட்டும் பிசிறில்லாமல் இருக்கும். நான்கு துண்டு ஆறானது, ஆறு ஒன்பதானது. மகளுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு போட்டியே நடந்துகொண்டிருந்தது. "வளைச்சு வளைச்சு இம்புட்டு கஷ்டமா வெட்டிக் குடுத்தேன் டீச்சர். நான் சாப்பிட்டுக் கை கழுவிட்டு வாரதுக்குள்ள முடிச்சிட்டு, அடுத்தது எங்க அத்தாங்குது" என்று தோற்றுப்போனதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு நிற்பார். அவர் செய்ததிலேயே பெரியது ஒரு டவுன் பஸ். இருபது துண்டுகள். சன்னல்களில் முகங்கள். ஒரு சன்னலில் தலையில் முக்காடு போட்ட அம்மா, பக்கத்தில் மீசை வைத்த அத்தா, ஓட்டுநர் இருக்கையில் இரட்டைச் சடையோடு பாப்பா. அதை அவள் ஒரே மூச்சில் சேர்த்து முடித்த அன்று வகுப்புப் பிள்ளைகளெல்லாம் அதில் ஏறப் போவதுபோல் வரிசையில் நின்றார்கள்.

மறு வருடம் எல்.கே.ஜி. தொடங்கிக் கொஞ்ச நாளில் பாப்பாவுக்கு வீட்டில் வலிப்பு வந்தது. காய்ச்சல் இல்லை, ஒன்றும் இல்லை, சோறு தின்றுகொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்திருக்கிறாள். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்து, சின்னப் பிள்ளைகளில் சிலருக்கு இப்படி வருவதுண்டு, போகப் போகச் சரியாகும் என்று அனுப்பிவிட்டார். ஒரு வாரம் கழித்து அவள் பள்ளிக்கு வந்தபோது, மருந்தின் மயக்கத்தில் கொஞ்சம் மந்தமாக இருக்கிறாள் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் பலகை வேறு சொன்னது. பஸ்ஸின் சக்கரத்தை எடுத்துக் கூரைப் பக்கம் வைத்தாள். பொருந்தவில்லை. முன்பென்றால் துண்டைத் திட்டிவிட்டு வேறு பக்கம் கொண்டுபோவாள். இப்போது அதே இடத்தில் வைத்து அழுத்தினாள். மறுபடியும் அழுத்தினாள். பிறகு கையை எடுத்துவிட்டு, ஒரு நாளும் பார்க்காதவள், நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சின்னப் பிள்ளைகள் திணறுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தெரியாத ஒன்றில் திணறுவது வேறு. தெரிந்த ஒன்று கைவிட்டுப் போவதை அந்தக் கண்களில்தான் முதலில் பார்த்தேன். அடுத்த சில வாரங்களில் அவள் துண்டுகளோடு பேசுவதும் குறைந்தது. "இங்கிட்டு" மட்டும் மிஞ்சியது, பிறகு அதுவும் இல்லை. மாடிப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக உட்கார்ந்து இறங்கினாள்.

பெற்றோர் இருவரையும் வரச் சொல்லி, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். அம்மா உடனே அழுதுவிட்டார். "வீட்டுலயும் டம்ளரக் கீழ கீழ போடுது டீச்சர். கண்ணு பட்டிருச்சுன்னு நெனச்சு ஓதித் தண்ணி குடுத்துக்கிட்டிருக்கேன்." அத்தா மேசையில் இருந்த பஸ் பலகையின் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார், அறுப்பில் ஏதாவது கோளாறு இருக்குமோ என்று தேடுகிறவர்போல.

அதன்பின் ஆஸ்பத்திரிகள். மதுரையில் பார்த்து, தலையைப் படம் எடுத்து, ரத்தத்தை வெளியூருக்கு அனுப்பி, முடிவு வருவதற்குள் மழைக்காலமே போய்விட்டது. முடிவு வந்த மறுநாள் பாப்பாவின் அத்தா பள்ளிக்கு வந்தார். மாடி ஏறாமல் கயிற்றுக் கடை ஓரத்தில் நின்றுகொண்டு ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். "மூளையில ஏதோ சேந்துக்கிட்டே போகுதாம் டீச்சர். பொறக்கும்போதே உள்ளதாம். பேச்சு போகும், நடை போகும், அப்புறம் கண்ணும் போகும்ங்கிறாரு. சீக்குப் பேரு எம்புட்டு நீளமா இருக்குங்குறீங்க! சொல்லவே வாயில வரல. மருந்து மட்டும் இல்லையாம்." கடையில் யாரோ கயிற்றை அளந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்துக் கடையிலிருந்து டீ வாங்கிக் கொடுத்தேன். அதைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றுவிட்டு, ஆறிய பிறகு ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

பாப்பாவைப் பள்ளியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஒரு நாள் வகுப்பிலேயே வலிப்பு வந்தது. பிள்ளைகள் பயந்து அலறினார்கள், மறுநாள் நான்கைந்து பெற்றோர் தாளாளரிடம் போய் நின்றார்கள். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா யாரும்மா பதில் சொல்றது? நீங்களா, நானா?" என்றார். நான் வாதாடினேன், அழுதும் பார்த்தேன், நடக்கவில்லை. பாப்பாவின் அத்தா சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்தேன். "அவரு சொல்றதும் நெசந்தான டீச்சர்" என்று சொல்லிவிட்டு, பஸ் பலகையைப் போட்ட அவளுடைய பையையும் தண்ணீர் பாட்டிலையும் ஒரு தோளில் மாட்டி, அவளை மறு தோளில் சாய்த்துக்கொண்டு படியிறங்கினார். அன்றிலிருந்து சனிக்கிழமை மதியங்களில் நான் அவர்கள் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன்.

ஆற்றங்கரைப் பக்கம் ஒரு குறுகிய சந்தில் அவர்கள் வீடு. ஒரே அறை, பின்னால் அடுப்படி. அங்கேதான் அவருடைய இன்னொரு முகத்தைப் பார்த்தேன். டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவருக்கு வேறு ஒரு கணக்கும் இருந்தது. "பழக்கப் பழக்க வரும்ல டீச்சர்? நீங்கதான சொன்னீங்க, இதப் போட்டா மூளை வளரும்னு." ஆமாம், அதை நான்தான் சொல்லியிருந்தேன், எல்லாப் பெற்றோரிடமும் சொல்கிற மாதிரி. அவர் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம் என்று நினைத்தார். வேலை முடிந்து வந்ததும் பாப்பாவை உட்காரவைத்து, பஸ் பலகையைக் கொட்டி, "போடும்மா, போடு" என்று அரை நாழி, ஒரு நாழி என்று பழக்குவாராம். நான் போயிருந்த ஒரு சனிக்கிழமையும் அப்படித்தான் நடந்தது. அவள் ஓட்டுநர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெறித்துக்கொண்டிருந்தாள். அது அவளுடைய முகம்தான். அவர் பொறுமையாகத்தான் தொடங்கினார். திடீரென்று குரல் ஏறியது. "நல்லாப் பாரு! போன வருசம் கண்ண மூடிக்கிட்டுப் போட்டதான இது? எங்க வைக்கணும்? எங்கன்னு கேக்குறேன்ல!" அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, துண்டோடு சேர்த்துப் பலகையில் அழுத்தினார். பாப்பா அழவில்லை. தோளைக் குறுக்கி, தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். பாயில் ஈரம் பரவியது.

அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்தார். அவர் கணவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அன்று பலகையைப் பிடுங்கிச் சுவரில் எறிந்தார். "பிள்ளையப் பெத்தீங்களா, பரீட்சைக்கு ஆள் பிடிச்சீங்களா? இருக்குற கொஞ்ச நாளாவது அது சிரிச்சுக்கிட்டு இருக்க வேணாமா?" என்று கேட்டுவிட்டு, பாப்பாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

அத்தா வாசலில் வந்து நின்றார். நானும் பின்னால் போனேன். "பாய், நான் சொன்னது வளர்ற பிள்ளைகளுக்கு. இவளுக்கு அது மருந்து இல்ல. இவளால எது முடியுதோ அதக் குடுங்க. முடிச்ச சந்தோசம் ஒண்ணுதான் நம்மால குடுக்க முடியும்" என்றேன். சொல்லும்போதே என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஒரு தகப்பனிடம் போய், இனி உன் பிள்ளை வளராது என்று சொல்வதைத்தானே நான் அழகாகச் சுற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்? அவர் செருப்பை மாட்டிக்கொண்டு சந்து முனைக்கு நடந்து போய்விட்டார்.

அடுத்த இரண்டு மூன்று சனிக்கிழமைகளில் நான் போனபோதெல்லாம் அவர் வீட்டில் இல்லை. நான் வருவதைத் தெரிந்துகொண்டே வெளியே போகிறார் என்று புரிந்தது. பிறகு ஒரு நாள் இருந்தார். பாயில் பாப்பா, அவள் முன்னால் அதே பஸ். கிட்டப் போய்ப் பார்த்தேன். இருபது துண்டுகள் இல்லை. பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளை ஒன்றோடொன்று மரப்பசை வைத்து ஒட்டியிருந்தார். வளைத்து வளைத்து அத்தனை சிரமப்பட்டு அறுத்த கோடுகளை மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, மேலே பெயிண்ட் பூசி, பஸ்ஸையே ஐந்தாறு பெரிய துண்டுகளாக ஆக்கிவிட்டிருந்தார். பாப்பா நடுங்கும் கையால் ஒன்றை எடுத்தாள். நெடுநேரம் எடுத்துக்கொண்டாள். கடைசித் துண்டு உட்கார்ந்ததும் அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது; சொல் இல்லை, ஆனால் சந்தோஷமான சத்தம். "முடிச்சிருச்சு பாத்தீங்களா டீச்சர்" என்றார் அவர். பழைய போட்டிக் காலத்தில் தோற்றதைச் சொன்ன அதே பெருமைக் குரல். சொல்லிவிட்டு, ஏற்கெனவே துடைத்துச் சுத்தமாக இருந்த பசை டப்பாவை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

அங்கிருந்து எல்லாம் இறக்கம்தான். எங்கள் ஆசிரியர் பயிற்சியில் ஏறுகிற வழியை மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்: பிடித்துத் தூக்கக் குமிழ் வைத்த பலகையில் தொடங்கி, மூன்று துண்டு, ஐந்து, பத்து என்று. ஏறிய பிள்ளை அதே வழியில் இறங்கி வந்தால் கூடவே எப்படி இறங்குவது என்பதை யாரும் சொன்னதில்லை. அவரும் நானும் தடவித் தடவித்தான் போனோம். அவளால் ஒரு பலகை முடியாமல் போவதற்குள் இன்னும் சுலபமான ஒன்று தயாராக இருக்க வேண்டும் என்பதில் அவர் கவனமாக இருந்தார். சனிக்கிழமைதோறும் "இந்த வாரம் கை எப்படி டீச்சர்? இது தாங்குமா, இன்னும் ரெண்டைச் சேத்து ஒட்டிரவா?" என்று கேட்பார். நான் பார்த்துச் சொல்வேன். சேர்த்து ஒட்டச் சொன்ன ஒவ்வொரு முறையும் என் வாய் கசந்தது. பார்வை மங்கத் தொடங்கியதும் படங்களை விட்டுவிட்டு, துண்டுகளின் மேல் ஒன்றுக்கு உப்புத்தாளும், ஒன்றுக்கு வெல்வெட் துணியும், இன்னொன்றுக்கு வழவழப்பான தகரமும் ஒட்டினார். துண்டு உட்காரும் குழியிலும் அதே போல ஒட்டியிருந்தார். சொரசொரப்புக்குச் சொரசொரப்பு, மெத்துக்கு மெத்து. பாப்பா வெல்வெட்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அதைத் தரவே மாட்டாள். அப்போதெல்லாம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் சடையைக் கோதிவிடுவார். அந்த வீட்டில் நான் பார்த்த அமைதியான நேரங்கள் அவை. அமைதி என்று எழுதுகிறேன். வேறு சொல் கிடைக்கவில்லை.

கடைசிப் பலகையில் ஒரே ஒரு துண்டுதான் இருந்தது. ஒரு சட்டம், அதற்குள் அடங்கும் ஒரு வட்டம். அவள் அப்போது படுத்த படுக்கை. மூக்கு வழியாகக் குழாயில்தான் ஆகாரம். அத்தா அவளுடைய விரல்களைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ள, இரண்டு கைகளும் சேர்ந்து அந்த வட்டத்தைத் தள்ளி இறக்கும். 'டக்'. அந்தச் சத்தத்துக்கு அவள் உதடு ஒரு ஓரமாக அசையும். அதைச் சிரிப்பு என்றுதான் நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

நோன்பு மாதம் முடிவதற்கு முன்னால் பாப்பா போய்விட்டாள். நான் போய்ச் சேர்ந்தபோது பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தலைய வாரிவிட்டேன் டீச்சர், ரெட்டச் சடை" என்றார். அடக்கம் செய்கிற மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. சந்து முனை வரைக்கும் நின்று பார்த்தேன். அத்தனை சின்ன உடலுக்கு அத்தனை ஆண்கள் தோள் கொடுக்க முண்டியடித்தார்கள். ஆனால் அவளுடைய அத்தா யாரிடமும் கொடுக்கவில்லை. இரு கைகளிலும் ஏந்திக்கொண்டு, பள்ளியிலிருந்து படியிறங்கிப் போன அன்று போலவே, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

அந்தப் பள்ளியை விட்டு வந்து வருடங்கள் ஆகிவிட்டன. இப்போது அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு மழலையர் பள்ளியில் இருக்கிறேன். விதவிதமான பசில்கள் வாங்கி அடுக்கியிருக்கிறார்கள். பெட்டியிலேயே எந்த வயதுக்கு எத்தனை துண்டு என்று அச்சடித்திருக்கிறது. பெற்றோர்கள் அதைப் படித்துவிட்டு, "எங்க பையன் வயசுக்கு மேலயே போடுறான் டீச்சர்" என்று போனில் படம் எடுத்துக் காட்டுகிறார்கள். நானும் சந்தோஷப்படுகிறேன். ஆனாலும் ஒரு பிள்ளை நேற்றுப் போட்டதை இன்று தப்பாக வைத்தால் கையிலிருக்கும் வேலையை விட்டுவிட்டு அங்கே போய்விடுகிறேன். அது வெறும் தூக்கக் கலக்கமாக இருக்கும், சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும். சரியாகும்வரை அந்தப் பிள்ளையின் பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பேன்.

போன மாதம் சிம்மக்கல் பேருந்து நிறுத்தத்தில் பாப்பாவின் அத்தாவைப் பார்த்தேன். தாடி வெளுத்திருந்தது. மரப்பட்டறை வேலையை விட்டுவிட்டாராம், ஒரு மொத்தக் கடையில் சரக்கு இறக்கி அடுக்குகிறாராம். "மெசின் சத்தம் கேட்டா முடியல டீச்சர்." வேறு பிள்ளை வேண்டாம் என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார். பாப்பாவின் அம்மா அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தைத்துக் கொடுக்கிறாராம், பையன்களுக்குச் சட்டை மட்டும், பாவாடை தைப்பதில்லையாம். ஊர் நிலவரம் கொஞ்சம் பேசினோம். அவருடைய பஸ் தூரத்தில் தெரிந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டவர், ரொம்ப நாள் வைத்திருந்ததைக் கேட்கிறவர்போல் என் பக்கம் திரும்பினார்.

"அன்னைக்கு ஒரு நா அதட்டிப் பிடிச்சு இழுத்தேன்ல டீச்சர். அப்புறம் பிள்ளைக்கு எல்லாமே மறந்து போச்சுல்ல. பேச்சு மறந்துச்சு, நடை மறந்துச்சு, எங்களையே மறந்துச்சு. அதையும் மறந்திருக்கும்ல?"

"மறந்திருக்கும் பாய்" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமா."

பஸ் வந்து நின்றது. கூட்டம் இடித்துக்கொண்டு ஏறியது. அவர் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "அம்புட்டுத்தான் டீச்சர், அது போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் போக வேண்டிய பஸ்ஸும் பின்னாலேயே வந்தது. நான் ஏறவில்லை. ஒரு பிள்ளைக்கு எது மறக்கும், எது மறக்காது என்று இத்தனை வருடம் பிள்ளைகளோடு இருந்தும் எனக்குத் தெரியாது.